கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா: நடைபாதையில் விலங்குகளைக் கண்டறிவது எப்படி?

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து தெற்கே சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் ஊர்களைக் கடந்தால் கோலசிலாங்கூர். பள்ளி விடுமுறையில் அங்கு செல்லும் குடும்பங்களில் பலர் மெலாவத்தி குன்றில் ஏறி, குரங்குகளுக்குப் பயற்றங்காய் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். குன்றின் அடிவாரத்திலேயே இருக்கும் இயற்கைப் பூங்காவுக்குள் அவர்கள் நுழைவதில்லை. விலங்குகளை அவற்றின் சொந்த வாழ்க்கையில் பார்க்க விரும்புவோருக்கு உரிய இடம் அந்தப் பூங்காதான்.

1987-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தப் பூங்காவில் மண்பாதைகள், ஓர் ஏரி, பறவைகளைப் பார்க்கும் மறைவிடங்கள், பாக்காவ் எனப்படும் அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் பலகைப் பாதை ஆகியவை உள்ளன.

எப்போது போகலாம்?

காலை 7 முதல் 10 மணி வரையும், மாலை 5 மணிக்குப் பிறகும் விலங்குகளின் நடமாட்டம் அதிகம். உச்சி வெயிலில் அவை நிழலில் ஒதுங்கிவிடும். அலையாத்திக் காட்டுக்குக் கடல் வற்றும் நேரமே ஏற்றது. நீர் ஏறியிருக்கும்போது சேற்றில் வாழும் உயிரினங்கள் கண்ணில் படுவது கடினம். வலசைப் பறவைகளைக் காண செப்டம்பர் முதல் மார்ச் வரை செல்லலாம். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கும் கரைப் பறவைகள் இந்தக் கடற்கரைச் சேற்றுத் திட்டுகளில் இறங்கி இரை தேடுகின்றன.

எவற்றைப் பார்க்கலாம்?

லோத்தோங்: வெள்ளி கலந்த கருமை நிறம், உச்சியில் கூரான முடி, உடலைவிட நீண்ட வால். குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறும். 2008-இல் இதற்கு அறிவியலாளர்கள் சூட்டிய பெயரிலேயே சிலாங்கூர் இருக்கிறது.

கெரா: பழுப்பு நிறக் குரங்கு. தோட்ட மக்கள் நன்கு அறிந்தது. லோத்தோங் சாதுவானது, கெரா கையில் இருக்கும் பையைப் பறிக்கத் தயங்காது.

சேற்றில் தாவும் மீன்: பெலாச்சாக் என்பார்கள். துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும், வேரின் மேல் ஏறும். அருகிலேயே, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகளைக் காணலாம். பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்கு மட்டுமே உண்டு; அதை ஆட்டித்தான் பெண் நண்டை அழைக்கும்.

நீர்நாய்: கூட்டமாக நீந்தும். நேரில் தென்படாவிட்டாலும், கரையில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கிடந்தால் அது வந்து போயிருக்கிறது என்று அறியலாம்.

இவை தவிர உடும்பு, மீன்கொத்தி, கொக்கு, வானில் வட்டமிடும் கருடன் ஆகியவையும் அடிக்கடி கண்ணில் படும்.

பார்க்கும் முறை

நடந்துகொண்டே இருப்பவரைவிட நின்று பார்ப்பவருக்கே அதிகம் தென்படும். ஐம்பது அடி நடந்து, ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் காதைப் பயன்படுத்துங்கள். காற்றில்லாத நேரத்தில் ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே குரங்கு இருக்கலாம். காய்ந்த இலைகள் தொடர்ந்து சரசரத்தால் உடும்பாக இருக்கலாம். பளிச்சிடும் நிறத்தில் சட்டை வேண்டாம். கைப்பேசியின் ஒலியை அடக்கிவிடுங்கள்.

விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கும், செம்பனை நிரையில் பாம்புத் தடம் பார்த்து நடந்தவர்களுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பிள்ளைகளோடு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தடத்தையும் ஒலியையும் படிக்க அவர்களே சொல்லித் தருவார்கள்.

தீனி போடாதீர்கள்

லோத்தோங் இலை தின்னும் விலங்கு. மாட்டைப் போல இதன் வயிறும் பல அறைகள் கொண்டது. இலையை நொதிக்கவைத்துச் செரிப்பதற்காக அமைந்தது. ரொட்டி, பிஸ்கட், இனிப்பு ஆகியவை அந்த வயிற்றைக் கெடுக்கும். மனிதன் கையில் தின்று பழகிய குரங்கு சாலைக்கு இறங்கி வந்து வாகனத்தில் அடிபடும். கெராவுக்குத் தீனி போட்டால் அது அடுத்து வரும் பிள்ளையின் கையைத்தான் பிடிக்கும். கடி, கீறல் அப்படித்தான் நேர்கின்றன. குரங்கு நெருங்கினால் ஓடாமல், பல்லைக் காட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

லோத்தோங் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆரஞ்சுக் குட்டி அழகாக இருக்கிறது என்று பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம்.

இரவில் மின்மினி

பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தானுக்குப் போகலாம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் படகிலிருந்து காணலாம். அந்த ஒளி அவற்றின் இணை தேடும் மொழி. கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் அதைக் குழப்பிவிடும்.

கொண்டு செல்ல வேண்டியவை

மூடிய காலணி, நீண்ட கால்சட்டை, கொசு மருந்து, குடிநீர், இருந்தால் ஒரு தொலைநோக்கி. உணவைப் பையின் உள்ளே மூடி வையுங்கள். பலகைப் பாதையின் கைப்பிடியைத் தொடும் முன் பாருங்கள். அலையாத்திக் காட்டில் விரியன் பாம்புகளும் உண்டு. பலகை உடைந்தோ பாதை மூடியோ இருந்தால் அதற்கு அப்பால் செல்ல வேண்டாம். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.