ஜார்ஜ் டவுன் மரபுக் கட்டட மானியம்: எதைக் கொண்டு மதிப்பிடுவது?

2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அதையொட்டி மலேசிய நடுவண் அரசு இரு நகரங்களுக்குமாக 5 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. ஜார்ஜ் டவுனுக்குரிய 2 கோடி ரிங்கிட்டைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை, அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவின் கீழ் 2009இல் தொடங்கப்பட்ட திங்க் சிட்டி ஏற்றது. பழைய கடைவீடுகளைச் செப்பனிட விரும்பியோர் விண்ணப்பிக்க முடிந்தது. செலவில் ஒரு பகுதியை மானியம் ஏற்றது, மீதியை விண்ணப்பித்தவர் போட வேண்டியிருந்தது. இத்தகைய திட்டங்களின் பலனை வழக்கமாக இரண்டு கணக்குகளால் அளக்கிறார்கள்: செப்பனிட்ட கட்டடங்கள் எத்தனை, பொதுப்பணம் எவ்வளவு தனியார் பணத்தை வெளியே கொண்டுவந்தது. ஜார்ஜ் டவுனுக்கு இந்த இரண்டு கணக்கும் போதாது. செப்பனிட்ட வீட்டில் குடித்தனம் நிலைத்ததா என்ற கேள்விக்கே முதலிடம் தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மானியம் எந்தச் சூழலில் வந்தது என்பதை அறிய வாடகைச் சட்டத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31 வரை கட்டிமுடித்த கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. பினாங்கில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதற்கு உட்பட்டவை. கிடைக்கும் சொற்ப வாடகையில் கூரையை மாற்ற உரிமையாளருக்கு மனம் வரவில்லை. வாடகைக்காரரை வெளியேற்றி இடித்துக் கட்டுவதும் எளிதாக இல்லை. விளைவாக, மலேசியாவின் பிற நகரங்களில் பழைய தெருக்கள் மறைந்துகொண்டிருந்தபோது ஜார்ஜ் டவுனின் கடைவீட்டு வரிசைகள் ஒழுகும் கூரையோடும் உள்ளே ஆட்களோடும் நின்றன. 1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இடைக்கால அவகாசம் 1999 இறுதியில் முடிந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறைகளாக அங்கே தொழில் செய்தவர்கள் தீவின் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். காலியான மாடிகளில் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்க்கும் தொழில் நுழைந்தது. அதன் ஈரமும் எச்சமும் கட்டடங்களைக் கெடுத்ததால், 2013 இறுதிக்குள் அது பாரம்பரியப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று மாநில அரசு கெடு விதிக்க வேண்டியதாயிற்று. நகரைக் காலி செய்த முதல் அடி 2000ஆம் ஆண்டில் விழுந்தது. மானியம் பத்தாண்டு கழித்தே வந்தது. இந்தக் கால வரிசையை மறந்துவிட்டுச் செய்யும் எந்த மதிப்பீடும் மானியத்தின் தலையில் மிகைப் புகழையோ மிகைப் பழியையோ ஏற்றிவிடும்.

முதலில் புகழின் கணக்கைப் பார்ப்போம். மானியம் இல்லாவிட்டாலும் இந்தக் கட்டடம் செப்பனிடப்பட்டிருக்குமா என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் கேட்டாக வேண்டும். லீத் தெருவில் உள்ள சியோங் பாட் ட்சே மாளிகையைத் தனியார் சிலர் வாங்கி 1990களில் மீட்டெடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. சூலியா தெருவின் ஹான் ஜியாங் கோயில் 2006இல் அவ்விருதைப் பெற்றது. இவை எல்லாம் திங்க் சிட்டி பிறப்பதற்கு முன் நடந்தவை. பணமும் விருப்பமும் உள்ளவர்கள் மானியத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2008க்குப் பிறகு பெருகிய சிறு விடுதிகளும் காபிக் கடைகளும் பெரும்பாலும் சுற்றுலா வருமானத்தை நம்பி எழுந்தவை. அவற்றின் சீரமைப்பை மானியத்தின் சாதனையாகக் கணக்கில் ஏற்றுவது பிழை. மானியத்தின் உண்மையான விளைவைச் சங்கக் கட்டடங்களிலும், கோயில்களிலும், கூரை மாற்றக் கையில் பணமில்லாத சிறிய கடைவீடுகளிலும் தேட வேண்டும்.

அங்கே தேடினால் நல்ல பலன் ஒன்று தெரிகிறது. எண்ணிக்கைப் பட்டியலில் அது சரியாகப் பதிவாவதில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கற் சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அவற்றில் கிடையாது. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிப் போக வேண்டும் என்பதே அக்கட்டுமானத்தின் தர்க்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்தார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டது. உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடித்தது. பூச்சு மீண்டும் பெயர்ந்தது. மறுபடியும் சிமெண்ட் பூசினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே சுவரைத் தின்றது. பொதுப்பணம் பெறுகிறவரிடம்தான் இதை நிறுத்தச் சொல்ல முடியும். சுண்ணாம்புப் பூச்சு, பழைய வடிவச் சுட்ட ஓடு, மரச் சன்னல் இவற்றை வலியுறுத்தும்போது அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளுக்கும் வேலை கிடைக்கிறது. ஒரு தெருவில் சரியாகச் செய்த ஒரு வீடு, மானியம் வாங்காத அடுத்த வீட்டுக்காரருக்கும் முறையைக் காட்டுகிறது. இரண்டு கோடி ரிங்கிட் ஆயிரக்கணக்கான கட்டடங்களுக்கு எந்த மூலைக்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: சிறிய தொகை பெரிய சந்தையில் விலையை மாற்றாது, முறையை மாற்றும்.

ஆனால் சுவரின் சாந்தைப் பற்றி நிபந்தனை விதிக்க முடிந்த இடத்தில், சுவருக்குள் இருப்பவரைப் பற்றியும் விதித்திருக்க முடியும். என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. 1970இல் அரை லட்சத்தை ஒட்டியதாகச் சொல்லப்படும் உள்நகர மக்கள்தொகை, திங்க் சிட்டியே எடுக்கச் செய்த கணக்கெடுப்பின்படி 2009இல் 10,000க்குச் சற்று மேலே இருந்தது. 2013இல் 9,500க்கும் கீழே இறங்கியது. தன் திட்டத்துக்குச் சாதகமற்ற எண்ணையும் எண்ணிப் பார்த்த அந்நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். பெரும் சரிவு மானியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, எஞ்சிய நான்காண்டுச் சரிவு சிறியதுதானே என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. எனினும் மொத்த எண் மானியத்தைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. மானியம் பெற்ற வீட்டையும் பெறாத பக்கத்து வீட்டையும் இணைத்து, ஐந்தாண்டு கழித்து யார் இருக்கிறார்கள், என்ன வாடகை, என்ன தொழில் என்று ஒப்பிட்டால் மட்டுமே விளைவு தெரியும். இது எட்டாக் கனவு அல்ல. பிரிட்டனில் 1998இல் தொடங்கிய நகரத்தோற்றப் பாரம்பரிய முன்முயற்சித் திட்டத்தின் நகரங்களை ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகம் பத்தாண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, குடியிருப்போரின் கருத்தையும் சேர்த்தே மதிப்பிட்டது.

கட்டடத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் குடியிருப்புக் கொள்கையால் அளப்பது நியாயமா என்ற மறுப்பு வலுவானது. அதற்கு விடை யுனெஸ்கோவின் தீர்மானத்திலேயே இருக்கிறது. கட்டட அழகுக்காக மட்டும் ஜார்ஜ் டவுன் தேர்வாகவில்லை. ஆசியாவின் பல சமயங்களும் பண்பாடுகளும் இன்னும் உயிரோடு கூடிவாழும் நகரம் என்பதும் அதைத் தேர்ந்ததற்கான காரணங்களில் ஒன்று. 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலும் தொழுவோரும் வணங்குவோரும் இருப்பதால் நிற்கின்றன. பாசார் தெருவின் மளிகைக் கடைக்காரரும் பூக்கட்டுபவரும் போய்விட்டால் பாதுகாக்கப்பட்ட பொருளே குறைந்துவிடும். நிபந்தனை போட்டால் உரிமையாளர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்ற மறுப்புக்கும் வலு உண்டு. தனி உரிமையாளர்களில் பலர் அப்படித்தான் விலகுவார்கள். அதனால்தான் லாபத்துக்காக வாடகைக்கு விடாத உரிமையாளர்களிடம் பணம் முதலில் போக வேண்டும். ஆர்மீனியன் தெருவில் ஹோக் தேக் செங் சின் கோயிலுக்குச் சொந்தமான வீடுகளில் கோயிலும் வாடகைக்காரர்களும் மானியமும் செலவைப் பகிர்ந்துகொண்டு, பழைய குடியிருப்பாளர்கள் தங்கும்படி சீரமைத்தார்கள். வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இதில் பினாங்குத் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. உள்நகரின் சொத்துகளில் குறிப்பிடத்தக்க பகுதி சீனக் குலச் சங்கங்களிடமும் வக்ஃபு, இந்து அறநிலைய நிர்வாகங்களிடமும் இருக்கிறது. அறநிலையச் சொத்துகளுக்கென 1906லேயே அங்கு வாரியம் அமைந்துவிட்டது. அடுத்து எந்தப் பாரம்பரிய மானியம் அறிவிக்கப்பட்டாலும், இந்த அமைப்புகள் தம் வாடகைக்காரர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க முன்வர வேண்டும். மானியம் தருவோர் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: இப்போது இந்த வீட்டில் இருப்பவர் யார்? வேலை முடிந்தபின் அவருக்கு எத்தனை ஆண்டு குத்தகை தருவீர்கள்?