கையொப்பம் ஊராட்சியிடம், அளவுகோல் வேறிடம்: பெருமாட்டி நிலத்தடி நீர் வழக்கு குறித்து

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது என்பது சாலைக்குப் பொருந்தும். நிலத்துக்கடியில் இருக்கும் நீருக்குப் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரமான இந்தச் சித்தூர் வட்டாரம் மழை மறைவுப் பகுதி. சாவடிக்கு இரு பக்கமும் தமிழ் கேட்கும். கோடை வந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கமும் இரு பக்கத்துக்கும் பொது. இங்கிருந்து சில கிலோமீட்டரில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. உரிமம் கொடுத்தது அதே ஊராட்சிதான்.

பிளாச்சிமடாவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் 'நீர் யாருடையது?' என்ற கேள்வியையே மையமாக்கினர். அந்தக் கேள்வி பெரியதுதான். ஆனால் வழக்கின் போக்கைத் தீர்மானித்தது அதைவிடச் சிறிய, சுவையற்ற இன்னொரு கேள்வி: நீரை அளப்பது யார்?

நிகழ்வுகளை வரிசைப்படுத்தினால் இது விளங்கும். கிணற்று நீர் கெட்டதை முதலில் அறிந்தவர்கள் எரவாளர், மலசர் குடிகளைச் சேர்ந்த பெண்கள். சோறு கெட்டது, உடம்பு அரித்தது, கண் எரிந்தது. மயிலம்மா போன்றோர் முன்நிற்க, 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதற்கும் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2003 ஏப்ரல் 7 அன்றுதான் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று ஊராட்சி தீர்மானித்தது. இடைப்பட்ட காலத்தில் ஊராட்சியின் கையில் இருந்தவை மக்களின் புகார்கள். தொடர்ச்சியாக எடுத்த நீர்மட்டக் கணக்கு அல்ல. ஆலைக் கழிவுச் சேறு உழவர்களுக்கு உரமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003 ஜூலையில் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்று, எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்து வெளியிட்டது. ஆகஸ்டில் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியம் வரம்பை மீறியிருப்பதாகச் சொன்னது. உள்ளூர் வயலில் கொட்டிய சேற்றின் குணம் இங்கிலாந்து சுற்றி ஊருக்கு வந்து சேர்ந்தது.

இந்த உரிமம் குறித்த வழக்கில், 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் பொறுப்பாளர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். ஆலையின் நிலப்பரப்பு அளவுக்கு நிலமுள்ள ஒருவர் பாசனத்துக்கு எடுக்கக்கூடிய நீருக்கு மேல் ஆலை எடுக்கக் கூடாது என்பது அவர் வகுத்த வரம்பு. 2005இல், ஊராட்சி தீர்மானம் போட்ட அதே ஏப்ரல் 7ஆம் தேதி, இரு நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தின் ஆய்வை ஏற்று, சராசரி மழையுள்ள ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது.

அமர்வின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் பலரும் சொல்லும் குறை அல்ல அது. அறிவியல் ஆய்வு இல்லாமல் ஊராட்சி முடிவெடுத்தது என்று நீதிமன்றம் கண்டதை மறுப்பது கடினம். உண்மையில் ஆய்வு இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் ஊராட்சியின் சோம்பல் மட்டுமல்ல. 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டம் நீர்நிலைகளை ஊராட்சியிடம் ஒப்படைத்தது, உரிமம் வழங்கும் அதிகாரமும் தந்தது. மாசைச் சோதிக்கும் பொறுப்பு வாரியத்திடமும், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தடி நீரைக் கணிக்கும் பொறுப்பு மாநில ஆணையத்திடமும் போயின. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர். வழக்கு என்று வந்ததும் பார்த்தவர் சொன்னதே சான்றாயிற்று.

அந்த 5 லட்சம் லிட்டரை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டு முழுதும் எடுத்தால் 18.25 கோடி லிட்டர், அதாவது 1,82,500 கனமீட்டர். ஆலையின் நிலம் சுமார் 34 ஏக்கர். அந்த நீரை அந்நிலத்தின் மீது பரப்பினால் ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம் நிற்கும். மழை மறைவுப் பகுதியில் விழும் மழையில் சிறு பங்குதான் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆகவே ஆலை எடுத்திருக்கக்கூடிய நீரில் பெரும்பகுதி அடுத்தவர் நிலத்தடியிலிருந்துதான் வந்தாக வேண்டும். சராசரி மழையையும் மொத்தக் கொள்ளளவையும் வைத்துப் போடும் கணக்கில் இந்த 'அடுத்தவர்' காணாமல் போகிறார். ஆலை வேலியை ஒட்டிய பத்துக் கிணறுகளின் மட்டத்தை மாதந்தோறும் ஒருவர் எழுதி வைத்திருந்தால் அவர் காணாமல் போயிருக்க மாட்டார். இதற்கு நிபுணர் தேவையில்லை. முடிச்சுப் போட்ட கயிறும் ஒரு நோட்டும் போதும்.

நியூசிலாந்தின் ஏற்பாடு இங்கே ஒப்பிடத்தக்கது. 1989இல் அங்கு அமைந்த வட்டார மன்றங்களின் எல்லைகள் பெரும்பாலும் ஆற்றுப்படுகைகளை ஒட்டி வரையப்பட்டன. 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டப்படி, நீரெடுக்க இசைவு தரும் மன்றமே அந்த இசைவின் நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்கவும் வேண்டும். அதற்கான செலவை இசைவு பெற்றவரிடமே வசூலிக்கலாம். அங்கும் பால்பண்ணைகளால் ஆறுகள் கெட்டன; மன்றங்கள் கண்டும் காணாமல் இருந்ததாகக் குற்றச்சாட்டுகள் உண்டு. ஆனால் யாரைக் குற்றம் சொல்வது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

உள்ளூர் மன்றத்திடம் கண்காணிப்பைக் கொடுத்தால் செல்வாக்குள்ளவர் விலைக்கு வாங்கிவிடுவார் என்ற மறுப்பு எழும். நியாயமான அச்சம்தான். ஆனால் மேலே இருப்பவர் வளையமாட்டார் என்பதற்குப் பிளாச்சிமடா எந்த உறுதியும் தரவில்லை. ஆலை 2004 மார்ச்சில் நின்றது. கே. ஜெயகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைக் கேரள சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் சொன்னதால் 2017இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை முடித்துக்கொண்டது. நீர் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவே இல்லை.

இதே வட்டாரத்தில் மேற்பரப்பு நீரின் கதை வேறு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டும். மணக்கடவு அணைக்கட்டில் அதை அளக்கிறார்கள். குறைந்தால் இரு மாநிலமும் கூட்டம் போட்டுச் சண்டையிடுகின்றன. சண்டையிட எண் இருக்கிறது. கோவிந்தாபுரத்துக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பாறைப் பிளவிலிருந்து ஊறும் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அப்படி ஒரு மணக்கடவு இல்லை. 2025 ஜனவரியில் பாலக்காடு எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தபோதும், எதிர்த்த ஊராட்சி கேட்டது பழைய கேள்வியைத்தான்: தண்ணீர் எங்கிருந்து வரும்?