மெஸ்னி முகக்கவசம் அணியவில்லை

வூ லியென்-தே பினாங்கில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியபோது வயது 31. அங்கே ஜனங்கள் ரத்தமாக இருமி ஓரிரு நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பிளேக்தான். ஆனால் பிளேக் என்றால் எலி, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி, அதிலிருந்து மனிதன் என்பதுதான் அன்றைய பாடம். இறந்த பெண்ணொருத்தியின் உடலை வூ அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் கிருமி இருந்தது. இதற்கு எலியே தேவையில்லை, இருமலும் மூச்சும் போதும் என்றார். காஸ் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து மடித்து, எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொன்னார்.

ஜெரால்ட் மெஸ்னி ஒத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மருத்துவர், வூவைவிட மூத்தவர், பிளேக்கை ஏற்கெனவே பார்த்தவர். முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பரிசோதித்தார். 1911 ஜனவரி 11 அன்று அதே நோயில் இறந்தார். அதுக்கப்புறம்தான் ஊர் பயந்துபோய் முகத்தை மூடியது. சில மாதங்களில் கொள்ளைநோய் அடங்கியபோது சுமார் 60,000 பேர் போயிருந்தார்கள்.

மெஸ்னிக்குத் திமிர் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். திமிரும் இருந்தது. ஆனால் அவர் நம்பியது மூடநம்பிக்கை அல்ல, பாடப்புத்தகம். அதுதான் என்னை உறுத்துகிறது.

2003இல் டொராண்டோவில் சார்ஸ். கிருமி பெரிய துளிகளில் மட்டும் போகிறதா, காற்றில் மிதக்கிறதா என்று நிபுணர்கள் விவாதித்தார்கள். துளி என்றால் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். காற்று என்றால் ஓரத்தில் இடைவெளி விடாத என்95 வேண்டும். அங்கே இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல், பாதுகாப்பு நடவடிக்கைக்கு அறிவியல் உறுதி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றார். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது. பிறகு மாற்றிக்கொண்டது.

நான் மென்பொருள் எழுதுபவன். பக் இருக்கா, முதல்ல காட்டு என்று கேட்பது எங்களுக்கு நல்ல பழக்கம். ஆஸ்பத்திரியில் அப்படிக் கேட்டால், ஆதாரம் யாரோ ஒரு நர்ஸின் நுரையீரலில்தான் கிடைக்கும். முகக்கவசம் தேவைப்படாமல் போயிருந்தால் மெஸ்னிக்கு நஷ்டம் கொஞ்சம் துணியும் பஞ்சும்தான்.