மான்டரே தொட்டியும் சான் சிமியோன் மணலும்

கலிபோர்னியாவின் ஹைவே 1 சாலையில் மான்டரேயிலிருந்து தெற்கே சான் சிமியோன் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இந்தப் பாதையின் ஒரு முனையில் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் கடல். மறுமுனையில் காசில்லாமல் பார்க்கும் கடல்.

மான்டரே பே அக்வேரியம் 1984இல், பழைய மத்தி மீன் ஆலை இருந்த இடத்தில் திறக்கப்பட்டது. அங்குள்ள கெல்ப் (பெரிய கடற்பாசி) காட்டின் தொட்டி 28 அடி உயரம். வெளியே இருக்கும் வளைகுடாவின் தண்ணீரையே உள்ளே இழுக்கிறார்கள். பகலில் நமக்குத் தெளிவாகத் தெரிவதற்காக வடிகட்டி விடுகிறார்கள்; இரவில் அப்படியே திறந்துவிடுகிறார்கள். அந்தக் கலங்கல் நீரில் வரும் நுண்ணுயிர்கள்தாம் தொட்டியில் பல பிராணிகளுக்கு இரை.

சான் சிமியோனுக்குச் சற்று வடக்கே பியத்ராஸ் பிளாங்காஸ் கடற்கரை. 1990வாக்கில்தான் யானை சீல்கள் இங்கே கரையேறத் தொடங்கின. ஆண் சீல் 2,000 கிலோவைத் தாண்டும். முன்துடுப்பால் மணலை அள்ளி முதுகில் வீசிக்கொண்டு கிடக்கும், நாற்றமும் சாதாரணமல்ல. அக்வேரியத்தில் தீனி நேரத்துக்குத்தான் கூட்டம் சேரும். இங்கேயோ பால்குடிக் குட்டிகளைத் தவிர எல்லாமே பட்டினி. கரையில் இருக்கும்வரை இவை எதையும் தின்பதில்லை. தாய் சுமார் நான்கு வாரம் பாலூட்டி, இளைத்துப்போய், குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. எந்தத் தொட்டியிலும் இதைக் காட்ட முடியாது.

அதற்காக அக்வேரியத்தை வெறும் வேடிக்கைக் கூடம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாவில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட கடல் நீர்நாய்களில் சுமார் 50, இதே பாதையிலுள்ள பிக்ஸ்பி ஓடை அருகே இருப்பது 1938இல் வெளியே தெரிந்தது. இந்தச் சாலை அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. இன்று தாயற்ற நீர்நாய்க் குட்டிகளை அக்வேரியத்தின் வளர்ப்புத் தாய்கள் பழக்குகின்றன. ஊழியர்கள் முகமூடியும் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டே குட்டிகளை அணுகுகிறார்கள், மனித முகம் பழகிவிடக் கூடாதே! பிறகு கடலில் விடுகிறார்கள்.

ஒன்றைத்தான் பார்க்க நேரமென்றால் என் வாக்கு மணலுக்கு. இரண்டுக்கும் நேரமிருந்தால் மான்டரேயில் தொடங்கித் தெற்கே போங்கள். அந்தத் திசையில்தான் கார் சாலையின் கடல் பக்கமாக ஓடும். மலைச்சரிவால் சாலை அடிக்கடி மூடப்படும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.