டெக்கும் இறுவட்டும் கண்டி வீதியும்

வீட்டு மின்னணுச் சாதனங்களின் விலை வீழ்ச்சியை ஜப்பானியத் தொழிற்சாலைகளின் கதையாகவோ, பின்னர் வந்த சீனத் தொழிற்சாலைகளின் கதையாகவோ எழுதுவது வழக்கம். வன்னிப் பெருநிலத்துக்கு அந்தக் கதை முழுமையாகப் பொருந்தாது. அங்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலையைத் தீர்மானித்தது தொழிற்சாலை அன்று, கண்டி வீதிதான். வீதி திறந்திருந்தால் உலக விலை நம்மையும் வந்தடைந்தது. மூடியிருந்தால் கையில் பணம் இருந்தும் பயனில்லை.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும், ஜப்பானிய அரசின் அன்பளிப்பாக அமைந்த ரூபவாஹினி 1982 இலும் தொடங்கின. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டிராவிட்டால் அவற்றைப் பார்ப்பதற்குப் பெட்டிகளே இருந்திரா. உலகில் அப்போது இரண்டு ஒளிநாடா முறைகள் மோதிக்கொண்டிருந்தன. சோனி 1975 இல் பீட்டாமாக்ஸைக் கொண்டுவந்தது; ஜே.வி.சி. 1976 இல் வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. 1977 இல் அமெரிக்காவில் முதல் வி.எச்.எஸ். இயக்கி விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 1000 டொலர். நம்மவர் அதற்கு 'டெக்' என்று பெயரிட்டனர். வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த டெக்குகளும், இரணைமடுவின் கீழ் நல்ல போகம் கண்ட விவசாயிகள் கொழும்பிலிருந்து வாங்கிவந்த டெக்குகளுமாக 1980களின் முற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்தில் அவை எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன.

எனவே பெரும்பாலானோருக்கு டெக் என்பது வாங்கும் பொருளன்று, வாடகைப் பொருள். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மின்பிறப்பாக்கி, மூன்று படங்கள் எல்லாம் சேர்த்து ஓரிரவு வாடகை. ஊரே காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடியும்வரை பார்த்தது. மூன்றாவது படம் தொடங்கும்போது சிறுவர்கள் உறங்கிவிடுவார்கள். படத்தில் கோடுகள் விழத் தொடங்கும். டெக்கைக் கொண்டுவந்தவர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் அதன் 'தலையை'த் துடைப்பார். அந்தத் தலை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கின்ற ஓர் உருளை. நாடாவை வெளியே இழுத்து, உருளையைச் சுற்றிச் சாய்வாக வளைத்துப் படிக்கும் பொறிமுறை அது. சிறு பற்சக்கரங்களும் இறப்பர்ப் பட்டிகளும் அவ்வளவு துல்லியமாக இயங்கவேண்டும். அதனாலேயே அதன் விலை ஓரளவுக்குக் கீழே நெடுங்காலம் இறங்கவில்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. தடைப்பட்ட பொருட்களுள் மின்கலங்களும் அடங்கும். தேசிய மின்வலையமைப்பிலிருந்து வரும் மின்சாரமும் நின்றது. மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, தைனமோவைச் சுழற்றி, பிபிசி தமிழோசையைக் கேட்ட காலம் அது. வானொலிக்குக் கைவலு போதும். கண்ணாடிக் குழாய் கொண்ட தொலைக்காட்சிக்குப் போதாது. அதற்கு மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். கிடைத்ததோ கொழும்பு விலையின் பன்மடங்கில் விற்ற மண்ணெண்ணெய். டெக்கை இலவசமாகக் கொடுத்தாலும் படம் பார்க்கும் செலவு குறைந்திராது. உலகச் சந்தையில் டெக்கின் விலை பாதியாய்க் கால்வாசியாய் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் வன்னியில் ஒரு மணிநேரக் காட்சியின் விலை ஏறிக்கொண்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தது. செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாகியது. மக்கள் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நகர்ந்தனர். கடைகளும் அவர்களைத் தொடர்ந்தன. டெக்கைக் கைவிட்டவர்கள்கூடத் திருமண ஒளிநாடாவைக் கைவிடவில்லை. அதைப் போட்டுப்பார்க்க வழியில்லாமலே பெட்டிக்குள் வைத்துக் காவித்திரிந்தனர்.

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பிய நாடாக்களின் கதை வேறு. கனடாவின் தொலைக்காட்சி முறை என்.ரி.எஸ்.சி.; நம்முடையது பால். ரொறன்ரோவில் நடந்த மகளின் திருமண நாடா எத்தனையோ கைகள் மாறி வந்து சேர்ந்தபின், டெக்கில் இட்டால் படம் உருண்டோடும், ஒன்றும் தெரியாது. பிரான்சின் சீக்காம் முறையில் பதிவானது என்றால் படம் வரும், நிறம் வராது. கூறைச் சேலையின் சிவப்பைக் காண ஆசைப்பட்ட தாய்க்குக் கறுப்பு வெள்ளைதான் கிட்டும். எல்லா முறைகளையும் படிக்கும் டெக் வைத்திருந்தவர் அக்காலத்தில் ஊரின் முக்கிய புள்ளி. எதிர்த்திசையிலும் நாடாக்கள் சென்றன. புலிகளின் நிதர்சனம் பிரிவு தயாரித்த 'ஒளிவீச்சு' என்னும் காணொளிச் சஞ்சிகை வெளிநாடுகளைச் சென்றடைந்ததும் ஒளிநாடாவிலேதான்.

2002 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன. பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரல் 8 இல் ஏ-9 வீதி திறப்பு. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே வந்த பாரவூர்திகளில் சீமெந்தும் சீனியும் மட்டுமல்ல, இறுவட்டு இயக்கிகளும் வந்தன.

வன்னி மூடிக்கிடந்த காலத்தில் உலகம் இரண்டு தலைமுறைகளைக் கடந்திருந்தது. 1993 இல் வந்த வி.சி.டி. மேற்குலகில் எடுபடாமல் ஆசியாவில் மட்டும் கொடிகட்டிப் பறந்தது. ஒரு வட்டில் 74 நிமிடமே அடங்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் வேண்டும். படத்தின் தெளிவும் வி.எச்.எஸ். அளவுதான். எனினும் வட்டு மலிவு, பிரதி எடுப்பது எளிது. கனடா நாடாவுக்கு நேர்ந்த தொல்லையும் பெரும்பாலும் நீங்கியது. 1996 இல் ஜப்பானில் டி.வி.டி. வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பல நூறு டொலருக்கு விற்ற அதன் இயக்கி, 2003 அளவில் 50 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டது. சுழலும் உருளையும் பற்சக்கரங்களும் செய்த வேலையை ஒரு சில்லும் ஒரு லேசர்க் கண்ணும் ஏற்றுக்கொண்டன. அவற்றைச் சீனாவில் கோடிக்கணக்கில் வார்த்தெடுத்தார்கள். பொறிமுறை மறைந்ததுதான் விலை வீழ்ச்சியின் இரகசியம்.

இருபுறத்து வரியையும் கட்டிய பின்னரும் அந்த விலை வன்னிக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. வாடகைக்கு மட்டுமே டெக்கை அறிந்திருந்த வீடுகள் நேரடியாக இறுவட்டு இயக்கியின் சொந்தக்காரராயின. 2005 இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியும் தொடங்கியது. பழைய திருமண நாடாக்களை இறுவட்டுக்கு மாற்றித் தருவதாகப் படப்பிடிப்பு நிலையங்கள் அறிவித்தன. சிலர் மாற்றினர், பலர் பிறகு பார்க்கலாம் என்று விட்டனர். வீதி மீண்டும் மூடும் என்று எவரும் கணக்கிடவில்லை, எழுதிக்கொண்டிருந்த நாங்களுந்தான்.

2006 ஓகஸ்ட் 11 இல் மூடியது. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து முறைப்படி விலகியது. அதற்கடுத்த மாதம் தோஷிபா தன் எச்.டி. டி.வி.டி. முறையைக் கைவிட, புளூ-ரே வென்றது. வடிவங்களின் போர் முடிந்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. 'போர்' என்ற சொல்லை அவ்வளவு இலகுவாகக் கையாண்ட தலைப்புகள் எனக்கு எரிச்சலூட்டின.

உழவு இயந்திரப் பெட்டிகளில் தொடங்கிய இடப்பெயர்வு கால்நடையாக முடிந்தது. முதலில் கைவிடப்பட்டது தொலைக்காட்சி, பாரம் அதிகம். பின் இயக்கி. புகைப்படத் தொகுப்புகளும் நாடாக்களும் வட்டுகளும் பொலித்தீனில் சுற்றிப் புதைக்கப்பட்டன. சீருடை அணிந்த முகம் ஒன்று அவற்றில் இருந்துவிட்டால் அதுவே ஆபத்து என்று எரித்தவர்களும் உண்டு. 2009 மே மாதத்துக்குப் பின் மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த பலரிடம் தம் பிள்ளைகளின் ஒரு படங்கூட இருக்கவில்லை.

அதன் பின்னர் மலிவும் வந்தது, மின்சாரமும் வந்தது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சியை அடைந்தபோது கடைகளில் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் தவணைக்குக் கிடைத்தன. விலை குறைந்தது உண்மை. கடன் பெருகியதும் உண்மை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை பாய்ந்தபோது, இறங்கிய விலை ஏறவும் செய்யும் என்பதைத் தென்னிலங்கையும் கண்டது. இதற்கிடையில் 2016 இல் இரண்டு செய்திகள் சிறிதாக வெளிவந்தன. சோனி பீட்டாமாக்ஸ் நாடாவை நிறுத்தியது மார்ச்சில். புனாய் நிறுவனம் உலகின் கடைசி வி.எச்.எஸ். இயக்கியைத் தயாரித்து நிறுத்தியது ஜூலையில்.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். படம் இல்லாத தாய் என்ன செய்வார் என்பதை அதன் பின்னர் ஒருநாள் வவுனியாவில் ஒரு பழைய ஒளிப்பதிவுக் கடையில் கண்டேன். உறவினர் வீட்டுத் திருமண நாடா ஒன்றை ஓர் அம்மா கொண்டுவந்திருந்தார். மண்ணுக்குள் இருந்து எடுத்தது, ஓரமெல்லாம் வெண்பூஞ்சணம். கடைக்காரர் நாடாவை வேறொரு கூட்டுக்கு மாற்றி, அங்குலம் அங்குலமாகத் துடைத்து, இறந்த டெக்குகளிலிருந்து கழற்றிய பட்டிகளால் உயிரோடு வைத்திருந்த ஒரேயொரு டெக்கில் இட்டார். நெடுநேரம் வெறும் புள்ளிகள். பிறகு பந்தல், நாதஸ்வரகாரர், பந்தியில் தண்ணீர்ச் செம்போடு குறுக்கே போகும் ஒரு பையன். அம்மா கையை உயர்த்தினார். கடைக்காரர் நிறுத்தி, திரும்ப ஓட்டி, கணினியில் பதிவுசெய்து, அந்த முகத்தை மட்டும் பெருப்பித்து அச்சிட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அவருடைய மேசைக்குக் கீழே அத்தகைய நாடாக்கள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. டெக்கின் தலை தேய்ந்துவிட்டதாகவும், கொழும்பில் எங்காவது மாற்றுத் தலை கிடைக்குமா என்று விசாரிக்கும்படியும் சொல்லி, அதன் மாதிரி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தார்.