காலை ஐந்தரை மணிக் காபி

'மூடு வந்தாத்தான் எழுத வரும்' என்பவர்களுக்கு அந்தோணி ட்ரோலப்பைப் பிடிக்காது. 19ஆம் நூற்றாண்டின் இந்த ஆங்கில நாவலாசிரியர் 33 வருஷம் தபால்துறையில் வேலை பார்த்தவர். ஆபீஸ் கிளம்புவதற்கு முன்பே அன்றைய எழுத்தை முடித்துவிடுவார்.

காலை 5.30க்கு மேஜையில் இருக்க வேண்டும். எழுப்பிக் காபி கொடுக்க, குதிரை பார்த்துக்கொள்ளும் கிழவருக்கு வருஷம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். எதிரே கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. எழுதிய பக்கங்களை அன்றன்றைக்கு நோட்டில் குறித்துவைப்பார். சோம்பிய நாள் அதில் பளிச்சென்று தெரியும், தண்டனை அவ்வளவுதான். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். 20க்கு இறங்கிய வாரமும் உண்டு, 112ஐத் தொட்ட வாரமும் உண்டு.

இப்படித்தான் 47 நாவல்கள். அவர் இறந்த மறுவருஷம், 1883இல், சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கெல்லாம் அம்பலமானது. கலை என்ன தையல் வேலையா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் பெயரும் கொஞ்சம் இறங்கியது. நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன.

'நல்லா வந்துச்சா?' என்று அந்த நோட்டு கேட்கவே இல்லை. 'எழுதினியா?' என்று மட்டும்தான் கேட்டது. இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோன நம் நாவலுக்கும் அந்தக் கேள்வி போதும். நாளைக்கு எத்தனை வார்த்தை? சின்ன எண்ணாகவே இருக்கட்டும், குறித்துவைப்போம்.