மருந்தை வென்ற கொசு

சிகந்தராபாத்தின் வட பகுதியில், ஆல்வால் செல்லும் வழியில் லோத்குண்டா இருக்கிறது. 'குண்ட' என்னும் தெலுங்குச் சொல்லுக்குச் சிறு குளம் என்பது பொருள். ஏரியும் குளமும் மலிந்த இத் தக்காண பூமியில் ஊர்ப் பெயர்களிலேயே நீர் தங்கியிருக்கிறது. நீர் தேங்கும் இடத்தில் கொசுவும் பெருகும். கொசுவோடு மனிதன் நடத்திவரும் போரின் தலையாய நிகழ்ச்சியொன்று லோத்குண்டாவுக்குத் தெற்கே, சில மைல் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில் நடந்தது.

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், இராணுவ மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸ், ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவை அறுத்து ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கொசுவை ஒழிக்க ராஸ் காட்டிய வழி எளியது. ஆனால் உழைப்பை வேண்டுவது. தேங்கிய நீரை வடித்து, புழுப் பருவத்திலேயே கொசுவை அழிக்கவேண்டும் என்பதே அது.

பின்னர் உலகம் வேறொரு வழியைக் கண்டது. 1939-இல் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர், டி.டி.டி. என்னும் இரசாயனப் பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்தார். இதற்காக அவரும் 1948-இல் நோபெல் பரிசு பெற்றார். இம் மருந்தை வீட்டுச் சுவரில் ஒருமுறை தெளித்தால் பல மாதங்கள் அதன் வீரியம் குறையாது. இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் அமரும் கொசு மடிந்துபோகும். சுதந்திரம் பெற்றபோது நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் வருந்தினர். எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958-இல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. 1965-இல் நோயாளிகளின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. வெற்றி கைக்கெட்டியது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் அந்த வெற்றிக் காலத்திலேயே எச்சரிக்கைகளும் எழுந்தன. 1950-களின் தொடக்கத்திலேயே கிரீஸ் நாட்டில் ஒருவகை அனாபிலிஸ் கொசு டி.டி.டி.க்கு அஞ்சாமல் வாழக் கண்டனர். 1956-இல் நமது ஈரோடு நகரில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டெபன்சியின் புழுக்கள் அம் மருந்தைத் தாங்குவது அறிவிக்கப்பட்டது. நாட்டுப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் குலிசிபேசிஸ் என்ற கொசுவும் 1959-இல் அவ் வரிசையில் சேர்ந்தது.

கொசு மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று நாம் சொல்வதுண்டு. உண்மையில் தனிக் கொசு எதுவும் பழகுவதில்லை. இலட்சக்கணக்கான கொசுக்களில் ஒரு சிலவற்றின் உடலமைப்பு பிறவியிலேயே சற்று மாறுபட்டிருக்கும். சிலவற்றின் நரம்பில் மருந்து பற்றும் இடம் திரிந்திருக்கும். சிலவற்றின் உடலிலுள்ள நொதிகள் நஞ்சைச் சிதைத்துவிடும். மற்றவை மடிய, இவை பிழைத்து முட்டையிடும். சில தலைமுறைகளில் இவற்றின் சந்ததியே பெருகிவிடும். வயல்களில் அதே மருந்தைப் பயிருக்கும் தெளித்தது இம் மாறுதலை விரைவுபடுத்தியது.

விளைவு கடுமையாயிருந்தது. 1976-இல் நோயாளிகளின் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. கொசுவின் எதிர்ப்பாற்றல் மட்டும் இதற்குக் காரணமன்று. மருந்துத் தட்டுப்பாடும், கண்காணிப்பில் நேர்ந்த தளர்ச்சியும் சேர்ந்துகொண்டன. பிறகு மாலத்தியான் வந்தது. பைரித்ராய்டு வகை மருந்துகள் வந்தன. அவற்றையும் எதிர்த்து நிற்கும் கொசுக்கள் தோன்றின. டி.டி.டி. தாக்கும் அதே நரம்பிடத்தைப் பைரித்ராய்டும் தாக்குவதால், முன்னதற்கு மடங்காத கொசு சில சமயம் பின்னதற்கும் மடங்குவதில்லை.

ஆகவே, இக்காலத்தில் மருந்தைத் தெளிப்பதற்கு முன் கொசுவையே சோதிக்கிறார்கள். மருந்து தோய்த்த தாளின்மீது கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, ஒரு நாள் கழித்து எண்ணுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் குறைவாக மடிந்தால், அம் மருந்துக்கு அக் கொசுக்கள் மடங்கா என்று முடிவுசெய்து வேறு மருந்தை நாடுகிறார்கள். 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது நம் நாட்டின் குறிக்கோள். அதற்கு மருந்தும் வேண்டும், வலையும் வேண்டும். ஆனால் அவற்றின் வீரியத்தைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் தொட்டியைத் துடைத்து மூடினால், கிணற்றில் புழு தின்னும் மீனை விட்டால், மருந்துக்கு வேலை குறையும். வேலை குறைந்தால் எதிர்ப்பாற்றல் பெருகவும் வாய்ப்புக் குறையும். நீரில்லாத இடத்தில் புழுவாக வளரும் வித்தையை எந்தக் கொசுவும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.